நெஞ்சுக்குள் இருந்த சாட்சி

"தேத்தண்ணியை வைச்சிட்டுப் போ. அவனோட கதைக்காதை. உன்ர குரல் கேட்டாலே அவன்ர நெஞ்சு மெசின் அடிக்குது."

குசினி வாசலில் நின்று மச்சாள் இராசேஸ்வரி சொன்னாள். மீனலோசனி கணவன் வைத்திலிங்கத்தின் கதிரையருகே கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினாள். மூன்று மாதமாக அந்த நயினாதீவு வீட்டில் இதுதான் காலை.

வைத்திலிங்கத்தின் இதயத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகத் துடிக்கவில்லை என்று 2003இல் கொழும்பில் அவர் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். துடிப்பு தாறுமாறாக ஓடினால் அது உள்ளேயே ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரிப்படுத்தும். அடுத்த சித்திரையில், கணவனும் மனைவியும் வாக்குவாதப்பட்ட ஒரு காலையில், கருவியின் முதல் அடி விழுந்தது. மனிதர் முற்றத்தில் சுருண்டு விழுந்தார். அன்றே அவர் தமக்கை இராசேஸ்வரி தீர்ப்பு எழுதிவிட்டாள். கோயிலடியிலும் படகிலும், தம்பியைக் கொல்லும் வாய் என்று சொல்லித் திரிந்தாள்.

மீனலோசனி அதை நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் பயம்... அவர் உயிரோடு இருந்தால் போதும் என்று வாயைக் கட்டினாள். ஆனாலும் அடிகள் நிற்கவில்லை.

ஆடியில் மூவரும் கொழும்புக்குப் போனார்கள். டொக்டர் கருவியின் பதிவைத் திரையில் பார்த்தார்.

"ஒவ்வொரு குழப்பமும் திகதி, நேரத்தோட இதில இருக்கு. மார்ச் வரைக்கும் ஒண்டுமில்லை. பிறகு அடிக்கடி. துடிப்புக்கு நாங்கள் தந்த குளிசையை நிப்பாட்டினீங்களோ?"

வைத்திலிங்கம் தலையைக் குனிந்தார். "ஓம் டொக்டர். பங்குனியில இருந்து அக்கா தாற கசாயம்தான் குடிக்கிறனான். குளிசை சூடு எண்டவ."

மீனலோசனி முன்னுக்கு வந்தாள். "டொக்டர், பெண்சாதி கதைச்சால் இந்த மெசின் அடிக்குமோ?"

"ஆர் சொன்னது? குளிசையை விட்டதாலதான் துடிப்புக் குழம்பியிருக்கு."

"அதை எங்கட மச்சாளுக்கு இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். இராசேஸ்வரியின் முகம் வெளிறுவதை மீனலோசனி ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கணவனிடம் கேட்டாள். "குளிசையை விட்டது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டோ என்னை ஊமையாக்கி வைச்சிருந்தனீங்கள்?"

"அக்காவை விட்டுக்குடுக்க மனம் வரேல்லை மீனா..."

"என்னை விட்டுக்குடுக்க வந்தது."

அவர் அழுதார். அவள் அழவில்லை.

தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில் இராசேஸ்வரி அவள் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடு பிள்ளை... தம்பி சுகப்பட வேணுமெண்டுதான் செய்தனான்."

"மன்னிக்கலாம் மச்சாள். படகில சொன்னதைப் படகிலயே மாத்திச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு."

படகு நிறைய ஊர்ப்பெண்கள். இராசேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவர் இந்தமுறை மனைவியின் பக்கத்தில் போய் இருந்தார். "சொல்லுங்கோ அக்கா" என்றார்.

இராசேஸ்வரி சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பிழை என்னிலதான்... மீனாவில ஒண்டுமில்லை." இயந்திரச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிற்று.

மீனலோசனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை, மச்சாள். உரத்துச் சொல்லுங்கோ."