பதினாலாம் நம்பர் வில்லை

ஆணியில் தொங்கிய பித்தளை வில்லையின் துளையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாரூக் அதை நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். நூலாகாத பச்சைப் பஞ்சு, இலைத் தூசியோடு. அவன் பனியன் கம்பெனிக்குள் வருவதெல்லாம் நூல், வெளியே போவதெல்லாம் தைத்த பனியன். இந்தக் கட்டடத்துக்குள் பஞ்சு வந்து முப்பது வருஷமாவது இருக்கும். நேற்றும் இப்படித்தான் சுரண்டிப் போட்டான். அதற்கு முந்தின நாளும்.

வில்லை கிடைத்து மூணு நாள் ஆகியிருந்தது. கட்டடத்தின் பின்னால் புதைந்துபோன தண்ணீர்க் குழாயைத் தேட, குண்டடத்திலிருந்து லிங்கசாமியை வரவழைத்திருந்தான். பட்டாளத்தில் கண்ணிவெடி தேடிய மனிதர். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட கருவி ஒன்றை வாங்கிவந்து, மண்ணுக்குள் தொலைந்த இரும்பையெல்லாம் ஊர் ஊராகத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காதில் மாட்டியிருந்த குழலில் ஊளைச் சத்தம் கேட்டதும் நின்றார். தோண்டினால் குழாய் இல்லை. கந்தல் துணியில் சுற்றி, மேலே ஒரு அம்மிக் குழவியை வைத்து அழுத்திப் புதைத்த பித்தளை வில்லை. ஒரு பக்கம் தராசு முத்திரை, ஏதோ வியாபாரியின் அடையாளம். மறுபக்கம் பதினாலு.

“எவனோ வேணும்னே பொதச்சு வெச்சிருக்கறானுங்க,” என்றார் லிங்கசாமி. “மறுபடி போட்டு மூடிரலாங்களா?”

மூடியிருக்கலாம். ஆனால் பாரூக் அப்படிப்பட்ட ஆள் இல்லையே! போண்டா மடித்து வந்த காகிதத்தைக்கூட படித்துவிட்டு, மிச்சப் பாதி எங்கே என்று கடைக்காரனிடம் போய் நிற்கிறவன். கட்டடத்துக்குள், சுவரில், இருபது ஆணி அடித்த பழைய பலகை ஒன்று உண்டு. ஆணிக்குக் கீழே மங்கிய எண்கள். பதினாலாம் ஆணியில் வில்லையை மாட்டினான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. சிரித்துக்கொண்டான்.

அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் பெட்டி. ஒரு காலத்தில் இது பஞ்சைப் பேலாக அழுத்திக் கட்டும் பிரஸ். யந்திரத்தைக் கழற்றி என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தரைக்குள் ஆளுயரத்துக்கு இறங்கிய இரும்புப் பெட்டியை மட்டும் பெயர்க்க முடியவில்லை. பாரூக்கின் மனைவி சைதுன்னிசா, கட்டிங்கில் விழும் துண்டுத் துணியை அதில்தான் போட்டு வைப்பாள். நிறைந்துவிட்டால் உள்ளே இறங்கி மிதிப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம். பக்கத்து அறையில்தான் குடித்தனம். பகலெல்லாம் அவன் நூலுக்கும் ஆர்டருக்கும் அலைய, மெஷின்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான்.

வில்லையை மாட்டிய அன்று சாயங்காலமே சத்தம் ஆரம்பித்தது. வெறுங்கால் மெத்தென்ற ஒன்றின் மேல் விழுந்து, புதைந்து, எழுந்து, மறுபடி விழுகிற சத்தம், அவசரமே இல்லாமல், கூலிக்கு வேலை செய்கிறவனின் நிதானத்தோடு பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. கூடவே விளக்கெண்ணெயும் சாக்கும் வேர்வையும் கலந்த வாடை.

“ஏனுங்க, பெட்டிக்குள்ள யாரோ மிதிக்கறாங்க.”

“பெருச்சாளியா இருக்கும் புள்ள.”

“பெருச்சாளிக்கு ரெண்டே காலுங்களா?” என்றாள். கிண்டல்தான். ஆனால் அவன் கையை விடவில்லை.

பாரூக்குக்கு வேறு இடம் பார்க்க வழியில்லை. இவளை இங்கே தனியாக விட்டுப் போகவும் மனசில்லை. அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பஞ்சுத் தரகர் சேக் தாவூதிடம் கேட்டான்.

“பிரஸ் கூலியாள் வில்லை தம்பி அது,” என்றார். “அங்க வேல செஞ்சதுல மிச்சம் ஒரே ஆளுதான். பழனாயி. திருமுருகன்பூண்டில, செல செதுக்கற கொட்டாய்க்குப் பின்னால ஊடு. வில்லையக் கையோட கொண்டு போ. வெறுங்கையோட போனா வாயத் தொறக்காது அந்தம்மா.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வில்லையை ஆணியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். அந்த நொடியே சத்தம் நின்றது. நாலு நாளில் முதல் தடவையாகக் கட்டடம் கட்டடமாக இருந்தது. சைதுன்னிசாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

“நின்னுருச்சுங்க! அத அப்படியே அந்தம்மாகிட்டயே குடுத்துட்டு வந்துருங்க. நான் அதுக்குள்ள பெட்டிய மிதிச்சு வெச்சர்றேன். நாளைக்கு வேஸ்ட்காரர் வர்றாரு.”

சந்தோஷமாகச் சைக்கிளை மிதித்தான்.

சிலைக் கொட்டகைகளில் உளிச் சத்தம். வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பழனாயிக்கு அறுபது வயது இருக்கும். பாரூக் வில்லையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“கொழவி வெச்சிருந்தனே, இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்கம்மா.”

“எங்கூட்டுக்காரரோடதுங்க. சாமியப்பன். பெட்டிக்குள்ள எறங்கிப் பஞ்சு மிதிக்கறவரு. எறங்கறப்ப பலகையில வில்லைய மாட்டோணும், ஏறுனா எடுத்துக்கோணும், அதக் காட்டுனாத்தான் கூலி. வில்லை தொங்குனா உள்ள ஆளிருக்குதுன்னு அர்த்தம். பலகை காலியானாத்தான் மேல இருக்கறவன் பிரஸ்ஸ எறக்குவான்.”

உளிச் சத்தம் நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம்.

“அன்னைக்குக் காலையில எனக்கும் அவருக்கும் சண்டைங்க. சாங்காலம் கள்ளுக்கடைக்குப் போகாம வில்லையத் தேடிட்டு நிக்கட்டும்னு எடுத்து மடியில சொருகிட்டேன். விளையாட்டுக்குங்க பாய். அவரு மேல வந்துட்டாருன்னு நெனச்சேன்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பேலு அன்னைக்கே ரயிலேறிருச்சு. கண்டித் தோட்டத்துக்கு ஓடிட்டாருன்னு எல்லார்த்துகிட்டயும் நாந்தான் சொன்னேன்.”

பழனாயி அவன் கையிலிருந்த வில்லையைப் பார்த்தாள்.

“இத்தன நாளா இத எங்க வெச்சிருந்தீங்க?”

“அதே ஆணியிலதாங்க. நாலு நாளா.”

அவள் நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எப்ப எடுத்தீங்க?”

“இப்பத்தான்... பன்னெண்டு மணிக்கு.”

“பெட்டிக்குள்ள யாருங்க?”

யா ரப்பே, யா ரப்பே என்று பாரூக்கின் வாய் தானாக ஓடியது. சைக்கிள் எங்கே? சுவரில்தான் சாய்ந்திருந்தது. ஏறினான். பின்னாலிருந்து அவள் கத்தினாள், “மாட்டிருங்க! போனதும் மாட்டிருங்க!”

ரோடு முழுக்க எதிர்காற்று. புழுதி. மிதித்தான். மாட்டு வண்டி ஒன்று வழியை மறித்தது. கெட்ட வார்த்தையில் திட்டினான், ஆயுளில் திட்டியதில்லை. மிதித்தான். அவள் இந்நேரம் மேலே ஏறியிருப்பாள். டீ போட்டுக்கொண்டிருப்பாள். ஏறியிருப்பாள். வேறென்ன!

கதவு திறந்தே கிடந்தது. உச்சி வெயில் வெளியே. உள்ளே இருட்டு.

“சைதா!”

மெஷின்கள் சும்மா நின்றன. விளக்கெண்ணெய் வாடை. பெட்டியின் ஓரத்தில் அவளுடைய துப்பட்டி, மடித்து வைத்தபடி. பார்க்காமலேயே பலகைக்கு ஓடினான். வில்லை ஆணியில் ஏறவில்லை. ஏறியது.

பிறகு குனிந்தான்.

காலையில் விளிம்புவரை நிறைந்திருந்த துணி, அடியில் முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. நாலு மூலையும் சதுரமாக. கல்லுபோல. குறுக்கே நாலு இரும்புப் பட்டை, இறுக்கி முடுக்கியது. அப்படிப் பட்டை கட்டுகிற யந்திரம் இந்தக் கட்டடத்தில் இல்லை. மேலே கூரை மட்டும்.

குதித்தான். பேல் சூடாக இருந்தது. பட்டைக்குள் விரலை நுழைத்து இழுத்தான். நகம் பிய்ந்தது. பட்டை அசையவில்லை.

“சைதா! சைதா, கண்ணு!”

துணிக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், மூச்சு. காதை வைத்தான்.

“ஏனுங்க, வந்துட்டீங்களா?” என்றாள். எப்போதும்போல, மெதுவாக, வெட்கத்தோடு. “இவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”