ஏழாம் மதகு ஏன் திறக்கவில்லை

விராலிமலையில் பாத்திமாவின் வீட்டுக்கு வந்த ஜெனிபர் உட்காரவில்லை.

“என் தம்பி அமல்ராஜ் நவம்பர்ல இறந்துட்டான் மேடம். ஈஸ்டர் முடிஞ்சதுலேருந்து யாரோ அவன் பேர்ல எழுதுறாங்க.”

பாத்திமா ஓய்வு பெற்ற நூலகர். ஊரில் எது புரியாவிட்டாலும் அவரிடம் வருவார்கள். உதவிக்கு வரும் சத்யா இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவள். ஜெனிபரின் கைப்பேசியை அவள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள்.

‘ஏழாம் மதகு’ எண்ணூறு பக்க மாயக்கதை. அதன் தர்க்க ஓட்டைகளைப் பற்றிச் சண்டை போடவே இணையத்தில் ஒரு குழு. பெரிய ஓட்டை இது: எதிரிப் படை ஏரிக்குக் கீழே நிற்கிறது. அரசன் மதகைத் திறந்து மூழ்கடித்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தக் கதையை வைத்து எடுத்த சினிமாப் படத்தில் திறக்கிறான்.

“அமல் ஓட்டைன்னான். அவன் கூட்டாளி கோபிநாத் இல்லேன்னான். இப்ப அமல் பேர்லயே ‘ஓட்டை இல்ல’ன்னு வருது. பாஸ்வேர்டு கோபிநாத்துக்குத் தெரியும். செத்தவன் வாயால ஜெயிக்கப் பாக்குறான். சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்.”

“அமலோட போன்?”

“பைக்கோட நொறுங்கிப்போச்சு. அந்தப் படத்தோட மொத ஷோவுக்குத்தான் திருச்சிக்குப் போனான்.”

பாத்திமா அந்தப் பதிவுகளை இரண்டு முறை படித்தார். பிறகு மூவரும் ஜெனிபரின் ஊரான ஆவூர் போனார்கள்.

ஜெனிபரின் அப்பா சவரிநாதன் கட்டிலில் இருந்தார். பாத்திமா வரச் சொல்லியிருந்த கோபிநாத் வாசலிலேயே நின்றான். ஜெனிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அமலின் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிலுவையாக மடித்த ஓலை.

“இது?”

“ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்குக் கோயில்ல குடுக்குற ஓலை, மேடம்.”

“வருஷா வருஷம் சேத்து வைப்பீங்களோ?”

“இல்ல. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு முன்னாடி பழசைக் கோயில்லயே எரிக்கக் குடுத்துருவோம்.”

“கோபிநாத், படத்தை எத்தனை தடவை பார்த்தீங்க?”

“நாலு.”

“நாலா! எனக்கு ஒண்ணுக்கே தலைவலி” என்றாள் சத்யா. “ஆனா மேடம், பதிவுல படத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே.”

“இல்லை. எழுதுபவர் படம் பார்க்கவில்லை. புத்தகத்தையும் முடிக்கவில்லை, நானூறு பக்கத்துக்கு மேல் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மதகுக்கு அவர் சொல்லும் காரணத்தைப் படி.”

சத்யா வாசித்தாள். “‘கதிர் முத்தி அறுப்புக்கு நிக்குது. தண்ணி விட்டா சாஞ்சு முளைச்சிரும். ராஜா எப்படித் தொறப்பான்?’”

“நான் சொன்னது வேற. மதகுக்குச் சாபம்னேன்” என்றான் கோபிநாத்.

“இது ஏரிப் பாசன விவசாயியின் பதில். பழைய ஓலை பிப்ரவரியிலேயே போய்விட்டது. இது மார்ச்சில் வந்தது. அமல் நவம்பரில் இறந்தார். ஜெனிபர், அதற்குப் பிறகு இந்தப் புத்தகத்தைத் தொட்டீங்களா?”

ஜெனிபர் இல்லையென்று தலையசைத்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

சவரிநாதன் தலையணைக்கு அடியிலிருந்து அமலின் கைப்பேசியை எடுத்தார். அதற்குப் புதுத் திரை போட்டிருந்தது.

“கடையில மாத்திக் குடுத்தாங்க. எல்லாம் அப்படியே உள்ள இருந்துச்சு” என்றார். “அவன் எங்கிட்டதான் மொதல்ல கேட்டான். ராஜா ஏன்ப்பா தொறக்கலைன்னு. அறுப்பு நேரம். வேலைவெட்டி இல்லையாடான்னு கேட்டுட்டு வயலுக்குப் போயிட்டேன். எனக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சும்மா.”

அவர் கோபிநாத் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அந்தச் சின்ன இளவரசன் குதிரையில போனானே. திரும்பி வந்துடுவான்ல?”

கோபிநாத் புத்தகத்தைப் பார்த்தான். இளவரசனின் மரணம் நானூற்று முப்பதாம் பக்கத்தில்.

“மெதுவாப் படிங்கப்பா. அவசரமே இல்ல.”

அவன் வெளியே போனான். ஜெனிபர் பின்னாலேயே போனாள். வேப்பமரத்தடியில் அவன் குழுவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலாக அவள் வாசித்தாள். முன்பு அமல் பேசிய வாதம் அது.

‘தப்பு அமல். ஊரே போகப்போகுது, நெல்லு பெருசா? இது ஓட்டைதான்.’

உள்ளே கைப்பேசி ஒலித்தது. சவரிநாதன் மூக்குக்கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது.