கலையாத சாம்பல்

சாம்பல் எழும்பவே இல்லை.

பெட்டியிலிருந்து நீளமான துணிப்பைக்குள் பைலட் அதைக் கொட்டியபோது கொட்டகைக் கதவு வழியாகச் சாயங்காலக் காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது, எண்ணெய்க்கறை படிந்த தரையில் காகிதத் துண்டுகள் புரண்டுகொண்டிருந்தன, ஆனாலும் ஒரு துளி தூசி மேலே வரவில்லை. ஈரமணல் மாதிரி தொப்பென்று ஒரே கட்டியாகப் பையின் அடியில் போய் உட்கார்ந்தது. பைலட் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"நனைஞ்சுடுச்சா சார்?"

"இல்ல. மூடியே திறக்கல" என்றான் தம்பி.

இறந்தது அவனுடைய அண்ணன். நாற்பது வயதுக்கு மேலும் தம்பி எந்தச் சட்டை போடுவது, யாரோடு பேசுவது, எப்போது விளக்கை அணைப்பது என்று அண்ணன்தான் முடிவு செய்தான். கூடிவந்த இரண்டு கல்யாணங்களை அண்ணன் போய்ப் பேசிக் கெடுத்தான். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்டா என்று அம்மா கெஞ்சினாள். முடியாது என்றான் தம்பி. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் முடியாது அது. புதைத்தால் அண்ணனுக்கு ஓர் இடம் இருக்கும். எந்த இடத்திலும் அண்ணன் இருக்கக் கூடாது. ஒரு பிடி இன்னொரு பிடியோடு சேரவே கூடாது. அதற்காகத்தான் இந்த ஹெலிகாப்டர்.

பைலட் பையை வண்டியின் அடிவயிற்றுக் கொக்கியில் மாட்டி, அதன் வாய்க்கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தார். "கையால மட்டும் தூவக் கூடாது சார். மேல சுத்துற காத்து எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்துடும். போன மாசம் ஒருத்தர், மாமியாரைக் கையாலதான் தூவுவேன்னு ஒரே அடம். ரெண்டு நாள் மாமியாரைத் தும்மிட்டே இருந்தார்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் சொன்னதும் கயித்தை இழுங்க. சாம்பல் கீழயும் பின்னாலயும் போயிடும். கொட்டின வழியில மட்டும் நாம திரும்பி வர மாட்டோம். அவ்வளவுதான் வேலை."

கிளம்பினார்கள். காதை அழுத்திய ஒலிக்கருவிக்குள் பைலட்டின் மூச்சும் அவனுடைய மூச்சும் மாறி மாறி இரைந்தன. காலடிக் கண்ணாடிக்குக் கீழே கடற்கரை பின்னால் நகர்ந்து, பச்சை கறுத்து, பிறகு வெறும் தண்ணீர் மட்டுமாகி, சூரியன் அதன் விளிம்பில் பழுத்துக் கிடந்தது. எரிபொருளின் வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. அண்ணன் தலைக்குத் தடவும் தைலம். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இப்ப இழுங்க."

இழுத்தான். சுமையைப் பார்ப்பதற்காக வண்டியின் மூக்கில் பொருத்திய வட்டக் கண்ணாடியில் பையின் வாய் பிளந்தது தெரிந்தது. சாம்பல் நூல்போல இறங்கி நீண்டது.

"போயிடுச்சா?"

"போகுது சார். இதோ..." பைலட் நிறுத்திக்கொண்டார்.

கலையவில்லை. சாம்பல் விழவும் இல்லை, பரவவும் இல்லை. வானத்தில் யாரோ கரிக்கட்டியால் இழுத்ததுபோல அவர்களுக்குப் பின்னால் ஒரே கோடாக நின்றது. கரைக்கும் அவர்களுக்கும் நடுவில்.

"காத்து கொஞ்சம் கம்மி போல. சுத்திப் போயிடலாம்" என்றார் பைலட். குரலில் பழைய கிண்டல் இல்லை.

இடப்பக்கம் திருப்பினார். கோடு இடப்பக்கம் வளைந்தது. வலப்பக்கம் திருப்பினார். அதுவும் வந்தது. கிட்டத்தில் வந்தபோது அது கோடாக இல்லை. சுவராக இருந்தது.

"வேற வழியா போங்க கேப்டன். கெஞ்சிக் கேக்கறேன். அதுக்குள்ள மட்டும் போகாதீங்க."

"இருட்டறதுக்குள்ள இறங்கணும் சார். இந்த வண்டிக்கு ராத்திரியில கண்ணு தெரியாது. ஒரு நொடிதான். மூச்சைப் பிடிச்சுக்கங்க."

நுழைந்தார்கள்.

வெளிச்சம் போனது. காற்றுத் துவாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருமின. சாம்பல் உள்ளே கொட்டியது. கண்ணில். மூக்கில். பல்லிடுக்கில். தைல வாடை தொண்டைக்குள் இறங்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. பைலட் என்னவோ கத்தினார். நிமிர்ந்தது.

பிறகு வெளிச்சம். எதிரே கரை. இறங்குதளத்தின் விளக்குகள்.

தம்பி மூச்சை விடவில்லை. இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். ஒலிக்கருவியில் பைலட்டின் மூச்சு இரைந்தது. அதற்கு அடுத்து இன்னொரு மூச்சு.

அவனுடையது அல்ல.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பினான்.

எல்லாம் சாம்பல். கூரை, கதவு, இருக்கைப் பட்டைகள், பின்னிருக்கை. பின்னிருக்கையில் மட்டும் ஓர் இடத்தில் சாம்பல் படியவில்லை. முதுகு அகலத்துக்குச் சுத்தமாக ஓர் இடம். அதன் கீழே இரண்டு தொடை. தரையில் இரண்டு பாதம். சாம்பல் கொட்டியபோது யாரோ அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகின் இடத்தில் மெதுவாகச் சாம்பல் விழுந்து மூடியது. உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

பைலட் பக்கம் திரும்பினான்.

பைலட் கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலையிலிருந்து இடுப்புவரை சாம்பலாக இருந்தார். சிறு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"பயப்படாதீங்க சார். நான் இறக்கிடுவேன். தோள்ல இருந்து கையை மட்டும் எடுங்க."

தம்பியின் இரண்டு கைகளும் அவன் மடியில் இருந்தன.

பைலட்டின் சாம்பல் படிந்த தோளில் ஐந்து விரல் அளவுக்குச் சட்டையின் நீலம் தெரிந்தது. துணி சுருங்கியது. விரல்கள் கழுத்தை நோக்கி நகர்ந்தன. ஒவ்வொன்றாக.