வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு நங்கூரம்

நங்கூரக் கயிற்றின் மேல் கால் வைத்ததுமே ஆரோக்கிய பிரபுவுக்குச் சுருக்கென்றது. கயிறு நடுங்கியது. நங்கூரம் மண்ணில் ஒழுங்காகப் பிடித்திருந்தால் கயிறு விறைக்கும், தளரும், அவ்வளவுதான். இப்படி உள்ளங்காலில் தடதடவென்று அதிராது.

கார்த்திகை மாத மாலை, மழை வருமா வராதா என்று போக்குக் காட்டும் வானம். பரங்கிப்பேட்டைக்கு நேரே, முகத்துவாரத்துக்கு வெளியே, தண்ணீர் ஏறட்டும் என்று பாய்மரப் படகை நிறுத்தியிருந்தார்கள். என்ஜின் மதியமே உப்புத் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிட்டது. மணல்திட்டில் அலை உடையும் சத்தமும், டீசல் நாற்றமும், பிச்சாவரம் பக்கமிருந்து வந்த சேற்று வாடையும் படகைச் சூழ்ந்திருந்தன. நங்கூரம் கழன்றால் படகு அந்தத் திட்டில்தான் போய் மோதும். கூட இருப்பதோ மனைவி ஜோதி மேரியின் ஒரே தம்பி லூர்துநாதன். "தம்பிய பத்தரமா கொண்டாந்து வுடுங்க" என்று அவள் தெருமுனைவரை வந்து சொல்லியிருந்தாள்.

நங்கூரத்தையும் சங்கிலியையும் சேர்ப்பது ஒரு ஷேக்கிள். அதன் திருகாணி தானாகக் கழலாதபடி கம்பி சுற்றி முறுக்கிவிட வேண்டும். காலையில் அது லூர்துவின் வேலை. இப்போது சாமான் பெட்டியைத் திறந்தால், கம்பிச் சுருள் கடைக்காரன் போட்ட முடிச்சுகூட அவிழாமல் கிடந்தது.

"மச்சான், ஷேக்கிளுக்குக் கம்பி கட்னியா?"

"கட்டனேன் மாமா."

"எதால கட்ன? சுருள பிரிக்கவே இல்லியே."

"பழைய கம்பியே நல்லாத்தான் இருந்திச்சி. அதையே..."

"பொய் சொல்லாத."

மாமனார் வீட்டுச் செல்லப்பிள்ளை, உடம்பு நோகாமல் வேலையை முடிப்பவன் என்று அவனைப் பற்றிப் பிரபுவுக்கு எப்போதுமே ஓர் எண்ணம். லூர்துவின் முகம் செத்துப்போனது.

"நம்பலன்னா எறங்கியே பாக்கறேன்."

சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி இறங்கினான். மூன்று ஆள் ஆழம்தான், மூச்சடக்கத் தெரிந்தவன்தான். ஆனாலும் வேண்டாம் என்று பிரபு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரில் அந்தத் தலை முங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கயிறு நடுங்குவது நின்றது.

எண்ணினான். முப்பது. அறுபது. தொண்ணூறு.

பின்பக்க ஏணி கிறீச்சிட்டது. ஏறி வந்தவன் முகத்தைத் திருப்பாமல் படகின் அறைக்குள் போனான்.

"கட்டு நல்லாருக்கு."

"கம்பிச் சுருள் எங்கடா?"

"கட்டு நல்லாருக்கு, பிரபு."

கோபத்தில் பேர் சொல்கிறானா? ஏழு வருஷமாக மாமா என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. பிரபு பலகையைப் பார்த்தான். ஏணியிலிருந்து அறைவாசல்வரை ஒரு சொட்டு ஈரமில்லை.

"மச்சான்?"

உள்ளே யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. விடுவது கேட்கவில்லை.

நங்கூரம் கிளம்பினால் படகு திட்டுக்குப் போகும். தெரியும். தெரிந்தும் கயிற்றை இழுத்தான். பார்க்காமல் இருக்க முடியாது. கனத்தது. நங்கூரத்தின் கனம் அவன் கைக்குத் தெரியும், இது அதைவிட ஜாஸ்தி. கயிறு முடிந்தது. சங்கிலி வந்தது, சேறு வழிய.

ஷேக்கிள்.

திருகாணியைச் சுற்றிப் பழைய கம்பி. நான்கு சுற்று, இறுக்கமாக. எவன் கையையும் கிழித்துவிடக் கூடாதென்று முனையை உள்ளே மடித்து வைத்திருந்தான். பொய் சொல்லவில்லை. லூர்து பொய்யே சொல்லவில்லை. அப்படியென்றால் கயிற்றை அதிரவைத்தது எது?

அதன் பக்கத்தில் புதுக் கம்பி.

புதுக் கம்பிக்குள் ஒரு மணிக்கட்டு.

பிறகு முடி. பிறகு நெற்றி. திறந்த கண்கள் அவனைத்தான் பார்த்தன.

"ஐயோ, மச்சான்..."

படகின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. பின்னால் நடை. அவசரமில்லாத நடை. திரும்ப வேண்டும். திரும்பினால் சங்கிலி நழுவும். சங்கிலி நழுவினால் ஜோதி மேரியின் தம்பி அடிக்குப் போய்விடுவான். பிரபு விடவில்லை.

அவன் தோள்களின் இருபக்கமும் இரண்டு கைகள் நீண்டன. லூர்துவின் கைகள். காய்ந்த கைகள். பிரபுவின் கைகளுக்கு முன்னால் சங்கிலியைப் பற்றி, அவனோடு சேர்ந்து இழுக்கத் தொடங்கின.