வெற்றிடத்தின் எண்

காலை 9.10. பிழைதிருத்துபவள் தன் ராஜினாமாக் கடிதத்தை, கணினியோடு இணைந்த, புள்ளிகள் எழுந்து தாழும் பட்டையில் விரலால் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதாத கடிதம்.

'சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக் கொள்கிறேன்.' கீழே அவள் பெயர். எல்லாம் பிரெய்ல் புள்ளியெழுத்து. காலை 8.20-க்கே அச்சகத்தின் பொது மின்னஞ்சலிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. ஒரு பிழைகூட இல்லை. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த பிரெய்ல் அச்சகத்தில் மூன்றே பேர், மூன்று வாசல் சாவிகள்: கண் தெரியாத அவள், மெஷின்காரன், மேனேஜர்.

10.15-க்குத் தலைமை அலுவலக அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"நேத்து மருந்துக் கையேட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னீங்களாம். அந்தக் கோபமாம்மா?"

"ரெண்டு மாத்திரைன்னு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு புள்ளி கூடிப்போய் ஏழுன்னு விழுந்திருக்கு மேடம். திருத்தினாத்தான் கையெழுத்து. அதுக்கு நான் ஏன் வேலைய விடணும்?"

"ஆயிரம் பிரதி அடிச்சாச்சு. மூணு மணிக்கு வண்டி" என்றார் மேனேஜர். பிழைதிருத்துபவர் பதவி காலியானால் அவர் கையெழுத்தே போதும். அதுதான் அங்கே விதி.

"கடிதம் நான் எழுதல" என்றாள் அவள்.

"அப்ப இவன்தான்" என்று மேனேஜர் மெஷின்காரனைக் காட்டினார். "இங்க பிரெய்ல் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. என் ரூம்ல பிரெய்ல் அட்டவணை தொங்குது, அவ்வளவுதான்."

மெஷின்காரன் பதறினான். "ஐயோ அக்கா! எனக்கு இந்த மெஷினோட மல்லுக்கட்டவே நேரம் பத்தல. வெளியிலேருந்து வர்ற ஃபைலப் போட்டா இடைவெளி வர்ற இடத்துல அப்படியே நின்னுடுது. தினம் நான் உக்காந்து சரிபண்ணிக் குடுத்தாத்தான் துரை வேலை செய்வார்."

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள்.

கடிதத்துக்குள் 'கொள்கிறேன்' என்று தேடினாள். கிடைத்தது. 'விலகிக் கொள்கிறேன்' என்று தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். இல்லை. ஆனால் இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. நடுவே ஒரு வெற்றுக் கட்டம். விரல் இருக்கிறது என்றது. கணினி இல்லை என்றது.

10.40. "தம்பி, இந்தக் கடிதத்தை அச்சடி. எதையும் சரிபண்ணாத."

மெஷின் தடதடவென்று 'சொந்தக்' என்ற ஒரே சொல்லை அடித்தது. பீப் என்றது. நின்றது.

"கணினிக்குள்ள ஒவ்வொரு பிரெய்ல் எழுத்துக்கும் ஒரு எண் உண்டு மேடம். புள்ளியே இல்லாத வெற்றுக் கட்டத்துக்கும் உண்டு. பத்தாயிரத்து இருநூத்தி நாப்பது. சாதாரண விசைப்பலகையில இடைவெளி தட்டினா விழறது வேற, முப்பத்திரண்டு. கண்ணுக்கும் விரலுக்கும் ரெண்டும் ஒண்ணுதான். மெஷினுக்கு இல்ல. என்கிட்ட இருக்கிறது பிரெய்ல் விசைப்பலகை. ஆறு விசை, ஒரு நீள விசை. அதுல முப்பத்திரண்டு விழவே விழாது."

"அப்ப இவனா?"

"இடைவெளியாலதான் மெஷின் நிக்குதுன்னு தினம் புலம்பிச் சரிபண்றவன் அவன். தூக்கத்துலகூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். இது அட்டவணையப் பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தா எடுத்துப்போட்டு, இடைவெளி வந்ததும் பழக்கத்துல சாதாரண விசைப்பலகையோட நீளவிசையத் தட்டின கை. மெஷின் பக்கமே வராத கை."

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "வெறும் இடைவெளிய வச்சு ஒரு மனுஷன் மேல பழியா?"

"உங்க கணினியத் திறங்க சார், பாத்துடலாம்" என்றார் அதிகாரி.

மேனேஜரின் நாற்காலி நகரும் ஓசைக்காக அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை. மேசைமேல் ஒரு வாசல் சாவி வைக்கப்படும் ஓசைதான் கேட்டது.

"வண்டிய வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று அதிகாரி எழுந்தார். வாசலில் நின்று கேட்டார்: "கடிதத்துல எந்த இடம்மா அது?"

மெஷின் துப்பிய தாளை அவள் எடுத்தாள். 'சொந்தக்' என்ற சொல் முடிந்த இடத்தில், எதுவுமே இல்லாத வழவழப்பில் விரலை வைத்தாள்.

"இங்கதான் மேடம். சாரோட கையெழுத்து."