மூன்று தட்டினால் நில்

மேஸ்திரிக்குப் பத்தடி முன்னால் மகள் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் பின்னால்தான் கேட்டது, டக், டக் என்று, பாதையோரத்து மரக் கைப்பிடியில் மோதிரம் படுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தார். முதல் அருவியை ஒட்டி இறங்கிவந்த ஈரப் படிகள், தூரத்தில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான். மரம் வெயிலுக்கும் குளிருக்கும் சுருங்கி விரிந்து சத்தம் போடும், அது அவருக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒட்டி முடித்த தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே, எந்தக் கல்லுக்கு அடியில் கலவை நிரம்பியிருக்கிறது, எதற்கு அடியில் வெறும் காற்று இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பாம்புக் காது என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் காதுக்கு லீவு விட்டுடுவார் என்பாள் அவர் மனைவி.

இனி யார் அப்படிச் சொல்ல? போன வருஷம் இதே நாள், இதே பூங்காவில் அவள் காணாமல் போனாள். ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் படிப்படியாக இறங்குகிற ஏழு ஏரிகள் அங்கே. ஏரிக்கு ஏரி நடுவில் ஓர் அருவி. தண்ணீருக்கு மேலேயே தூண் நட்டுப் பலகை அடித்த பாதை, தண்ணீர் போகிற திசையிலேயே போய்க் கடைசி ஏரியின் படகுத்துறையில் முடியும். நாலரைக்குக் கடைசிப் படகு. ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அருவி போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவர்களிடம் பாஷை இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே இருவருக்கும் நடை பொருந்தாது. அவர் காலில் சக்கரம். அவளுக்குப் பத்தடிக்கு ஒருதரம் நின்று எதையாவது படம் எடுத்தாக வேண்டும். "அப்பா எக்ஸ்பிரஸ், அம்மா பாசஞ்சர்" என்று மகள் கேலி செய்வாள். கூட்டத்தில் தொலையாமல் இருக்க ஆரம்பித்தது அந்தத் தட்டுப் பழக்கம். பின்னாலிருந்து அவள் மோதிரத்தால் இரண்டு தட்டினால் 'இங்கதான் இருக்கேன்'. அவர் திரும்பாமலே ஒன்று தட்டினால் 'சரி, வா'. அவள் மூன்று தட்டினால் 'நில்லுங்க'. மகளும் அதைக் கற்றுக்கொண்டு, சின்ன வயதில் குளியலறைக் கதவில்கூட அந்தப் பாஷையில்தான் பேசுவாள்.

"அப்பா, கால் வலிக்குதா? உக்காரலாமா?" என்றாள் மகள், நின்று.

"இல்லம்மா. நட."

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"காத்து குளிருது. வேற ஒண்ணுமில்ல."

பொய். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தழும்பேறிவிட்டது. அந்த ஒரு வருஷப் பொய்யை இறக்கி வைக்கத்தான் இன்று அவர் மகளோடு வந்திருந்தார். அவளோ அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டு, ஒரு நாள் அப்பாவுக்குத் துணையாக நடந்துவிட்டுப் போக வந்தவள். நாலு தடவை வாயைத் திறந்தார். நாலு தடவையும் மூடிக்கொண்டார்.

பொய் இதுதான். அன்று காலையிலேயே சண்டை. "ஒரு நாளாவது எனக்கு முன்னாடி ஓடாம எங்கூட நடங்களேன்" என்றாள் அவள். "நடக்க வந்தோமா, நிக்க வந்தோமா?" என்றார் இவர். அத்தோடு விட்டிருக்கலாம். முதல் அருவி தாண்டியதும் விடுவிடுவென்று முன்னால் போய்விட்டார். பின்னால் இரண்டு தட்டு கேட்டது, ஒன்று தட்டினார். மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. இரண்டாம் அருவியும் தாண்டிய பிறகு மூன்று கேட்டது.

நிற்கவில்லை. இன்னொரு படமா, எடுத்துத் தொலை என்று நடந்தார். மறுபடி மூன்று. கொஞ்சம் தள்ளி மறுபடி மூன்று. கால் மணி நேரம் அந்த மூன்று தட்டு அவர் பின்னாலேயே வந்தது; அவரும் ஊமைக் கோபத்தோடு நடந்துகொண்டேயிருந்தார். நான்காம் ஏரிக்கரையில் திரும்பிப் பார்த்தபோது பாதை காலியாக இருந்தது.

தேடுகிறவர்கள் கேட்டார்கள், கடைசியாக எங்கே சத்தம் கேட்டது என்று. கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வந்தேன் என்று எந்தப் புருஷன் சொல்வான், அதுவும் சேதி கேட்டு ஓடிவந்த மகள் பக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கும்போது? "ரெண்டாவது அருவிகிட்ட. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல" என்றார். இரண்டாம் அருவிக்கு அடியில் ஒன்பது நாள் தேடினார்கள். மூன்றாம் ஏரியில் யாரும் கை வைக்கவேயில்லை.

இரண்டாம் அருவி வந்தது. பாசியும் ஊறிய இலையும் கலந்த வாடை மூக்கில் ஏற, சாரல் சட்டையை நனைக்க, வெள்ளையாகக் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தபடி மகள் வெகுநேரம் நின்றாள். அம்மா இங்கேதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் பாவம், கையெடுத்துக் கும்பிட்டாள், உதடு துடித்தது. மேஸ்திரி ஓரடி கிட்டே போனார். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"அம்மாடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்ப்பா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வேணாம். நானும் அழுவேன், நீங்களும் அழுவீங்க. படகுல போறப்ப சொல்லுங்க. நான் முன்னாடி போறேன், நீங்க மெதுவா வாங்க. அழணும்னா நல்லா அழுங்க, நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அப்பன் அழுவதைப் பார்க்க எந்த மகளுக்கு மனசு வரும்? போய்விட்டாள். அவள் சிவப்புப் பை நாணல் புதருக்குப் பின்னால் திரும்பி மறைந்தது.

மூன்றாம் ஏரி அமைதியான ஏரி. அருவியின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்லத் தேய, பலகைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர நாணல், அதன் அடியில் நகர்வதே தெரியாமல் நகர்கிற பச்சைத் தண்ணீர், அதன் மேல் மதியத்திலும் கலையாத மெல்லிய மூட்டம், நடக்க நடக்கத் தன் காலடியைத் தவிர வேறு சத்தமே இல்லாத அந்த நீளமான பாதையில் மேஸ்திரி அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்.

டக், டக்.

பின்னால். கிட்டத்தில்.

பழக்கம் விடுமா? ஒன்று தட்டக் கை தானாகப் பக்கவாட்டில் போனது. காற்றில் துழாவியது. கைப்பிடி இல்லை.

குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. முன்னால் நாணல் மறைக்கிற வரை இல்லை. பின்னால் அருவி வரை இல்லை. இரண்டாம் அருவியோடு கைப்பிடி முடிந்திருந்தது. பலகைகளும் நேற்றோ முன்தினமோ அடித்தவை அல்ல, வெயிலில் நரைத்த பழைய பலகைகள். ஓரத்தில் ஆணி வைத்த தழும்புகூட இல்லை. இந்த ஏரியில் கைப்பிடி என்றைக்குமே இருந்ததில்லை.

அப்படியானால் போன வருஷம் அவள் எதைத் தட்டினாள்?

டக், டக், டக்.

இப்போது சத்தம் காலுக்குப் பக்கத்திலேயே. முப்பது வருஷம் தரையைத் தட்டித் தட்டிப் பழகிய காது, அவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே, கணக்காகச் சொல்லிவிட்டது. மேலே தட்டினால் பலகை இறுக்கமாகப் பேசும். இது அப்படிப் பேசவில்லை. வெறுங்குடம்போல, ஈரத்தோடு, வயிற்றிலிருந்து பேசியது.

அடியிலிருந்து தட்டுகிறார்கள்.

மேஸ்திரி பலகையில் மண்டியிட்டார். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அருவியில் விழுந்து பலகைக்கு அடியில் மாட்டி, அந்த ஒரு சாணில் மல்லாந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, தண்ணீர் இழுக்கிற பக்கமெல்லாம் போய்க்கொண்டு, தலைக்கு மேல் போகிற புருஷனின் காலடிச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஒருத்தி கால் மணி நேரம் தட்டியிருக்கிறாள். நில்லுங்க. நில்லுங்க. நில்லுங்க. அவரோ அவள் தலையை மிதிக்காத குறையாக நடந்து போயிருக்கிறார். குனிந்திருந்தால் போதும். ஒரு பலகையைப் பெயர்த்திருந்தால் போதும். அவர் பையில் எப்போதும் சுத்தியல் இருந்ததே!

"ஐயோ" என்றார். "ஐயோ, என் தங்கமே."

குப்புறப் படுத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரலளவு சந்து; அதில் வாயை வைத்தார். உள்ளேயிருந்து குளிர்ந்த மூச்சு வந்தது. மண் வாடை. வேறொரு வாடையும்.

"கேட்டுச்சுடி. எல்லாம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் போனேன். ஊர்கிட்ட, பிள்ளைகிட்ட, எல்லார்கிட்டயும் கேக்கலன்னு சொல்லிட்டேன். நான் பாவி. என்னை மன்னிச்சுடு."

தட்டுவது நின்றது.

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டதுபோல் இருந்தது அவருக்கு. அழுதார். மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே இரண்டு விரலைச் சந்துக்குள் விட்டார், தண்ணீரையாவது தொட்டுப் பார்க்கலாம் என்று.

தண்ணீர் படவில்லை. கை பட்டது.

மெதுவாக அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டது. ஊறிப்போன தோல். நடுவில் மோதிரம். உள்பக்கம் தேய்ந்த அதே மோதிரம். அந்தக் கைக்கு அவசரமே இல்லை. பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிடிக்கட்டும் என்றுதான் அவரும் இருந்தார்.

பிறகு கவனித்தார். விரலளவு சந்துக்குள் அவர் மணிக்கட்டு போயிருந்தது.

வலிக்கவில்லை. ரத்தம் இல்லை. பலகை விலகவும் இல்லை.

முழங்கை போனது.

"வேணாம்டி. பிள்ளை இருக்கா. பிள்ளை தனியா இருக்கா."

தோள்.

கன்னத்தில் மரம். பிறகு மரம் இல்லை.

குளிர்.

இருட்டு. மேலே கோடு கோடாக வெளிச்சம். வாயில் தண்ணீர். காதில் தண்ணீர். இடது கை பிடியில் இருந்தது. வலது கை சும்மா இருந்தது.

கத்தினார். குமிழி வந்தது.

தட்டினார். டக், டக், டக். வேறென்ன தெரியும் அவருக்கு? டக், டக், டக். தலைக்கு மேல் பலகையின் அடிப்பக்கம் தடவிய இடமெல்லாம் குழிகுழியாக இருந்தது. விரல் முட்டி அளவுக் குழிகள். மும்மூன்றாக.

மேலே காலடி கேட்டது.

ஓடிவருகிற காலடி. வெளிச்சக் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எரிந்தன. அவர் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.

"அப்பா? மூணு தட்டினீங்களா? நின்னுட்டேன்ப்பா. எங்க இருக்கீங்க?"

நின்றுவிட்டாள். அவரைப்போல இல்லை அவள். முதல் மூன்று தட்டிலேயே நின்று, திரும்பி, ஓடிவந்துவிட்டாள். ஒரு நொடி, ஒரே நொடி, அந்த இருட்டிலும் அவருக்கு மனசு குளிர்ந்தது.

அப்போது இடது கையை விட்டுப் பிடி தளர்ந்தது.

பக்கத்தில் தண்ணீர் அசைந்தது. மோதிரக் கை விலகி, மேலே, வெளிச்சத்தைப் பார்த்து எழும்பியது. அதன் முட்டி பலகையைத் தொட்டது.

டக், டக்.

இங்கதான் இருக்கேன்.

"அப்பா? கீழயா இருக்கீங்க?" முழங்கால்கள் பலகையில் ஊன்றின. சந்தின் வெளிச்சத்தை மகளின் முகம் மறைத்தது. "ஐயோ, விழுந்துட்டீங்களா? இருங்க, இருங்கப்பா, நான் இருக்கேன்!"

போ என்று சொல்ல வேண்டும். ஓடு என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி முட்டியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஒன்று தட்டினால் வா. இரண்டு தட்டினால் இருக்கேன். மூன்று தட்டினால் நில். முப்பது வருஷத்தில் 'போயிடு' என்பதற்கு அவர்கள் ஒரு தட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

சந்து வழியாக முதலில் ஆள்காட்டி விரல் வந்தது, அப்பாவைத் துழாவிக்கொண்டு. பிறகு நான்கு விரலும். அவர் கன்னத்தை உரசிக்கொண்டு மோதிரக் கை அவசரமில்லாமல் மேலே போனது.