இடப்பக்கச் சாய்வு

வண்டி மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம்தான் மர்வினின் பட்டறையிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தாள் வெல்டா. பின்சக்கரம் இரண்டுக்கும் புது ஸ்பிரிங் பட்டை. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்பதைக் காட்டிய பிறகுதான் மர்வின் சாவியையே கையில் கொடுத்தான். இப்போது காபிக் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்து பார்த்தால், பிக்கப் வண்டியும் அதன் முதுகில் உட்கார்ந்திருந்த, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் பெட்டியும் சேர்ந்து, ஒரு கால் செருப்பு மட்டும் தேய்ந்துபோன ஆள் மாதிரி ஒருக்களித்து நின்றன.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள்.

"மர்வின், நீ போட்டது ஸ்பிரிங்கா, நூடுல்ஸா?"

"காலங்காத்தால ஏன் கத்துற? இடப்பக்கம் என்ன பாரம் ஏத்தின?"

"ஒரு குண்டூசிகூட ஏத்தலை."

"அப்ப உள்ள ஏதோ இருக்கு. தானியக் கிடங்கு எடைமேடைக்குக் கொண்டா, பார்த்துடலாம்."

உள்ளே என்ன இருக்கும்? அந்தப் பெட்டியின் ஒவ்வொரு பலகையையும் அவளே கழற்றி, அவளே மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அண்டா தூக்கிய கை. உளுத்துப்போன மரத்தைப் பெயர்த்தெறிந்து புதுப் பலகை அறைந்தாள். கூரையைத் தூக்கினால் விரிகிற, எலி கடித்த பழைய கித்தான் சுவரை அளவெடுத்து, புதுக் கித்தான் வாங்கி, தையல் இயந்திரத்தில் ஊசி ஊசியாக ஒடித்துத் தைத்தாள். கூரையின் உட்பலகையை உள்ளங்கையில் ஒரு சிராய்கூடத் தட்டாதபடி இழைத்தாள். வயோமிங்கின் அந்தக் காற்று ஒரு நாளும் ஓயாது. கொட்டகைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்க, பனி உருகியதிலிருந்து அவள் செய்த வேலை இது ஒன்றுதான்.

எல்லாம் ஓப்பலுக்காக. ஓப்பல் அவளுடைய அக்கா. ஆரிகன் கடற்கரையில் இருந்தாள். "கடலைப் பார்க்காமலே செத்துத் தொலைச்சிடாதடி" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் சிரிப்பாள். அங்கே போகத்தான் அவள் புருஷன் ஹார்லன் இந்தக் கேம்பரை வாங்கினான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வசந்தம் வந்தால் போதும், அதில் ஏதாவது ஒன்று கெட்டுவிடும். கூரை மேலே ஏறாது, இல்லையென்றால் அடுப்புக்கு கேஸ் வராது. "எதுக்கு கண்ணு அவசரம்? அடுத்த கோடையில போலாம்" என்பான், கன்னத்தில் அதக்கிய விண்டர்கிரீன் புகையிலை மணக்க. காரில் போவோம் என்றால் லாட்ஜ்காரனுக்கு அழ முடியாது என்பான். பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஓப்பல் போய்ச் சேர்ந்தபோது, பனிப்பாதை, வண்டி தாங்காது என்று சொல்லி அடக்கத்துக்குக்கூட விடவில்லை.

போன அக்டோபரில் ஹார்லனும் போனான். வெல்டா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

கொட்டகையைத் திறந்த முதல் வாரத்திலேயே அந்தக் காபி டப்பா கிடைத்தது. உத்தரத்துக்கு மேலே, துணி சுற்றி வைத்திருந்தான். உள்ளே கூரையைத் தூக்கும் கைகளின் போல்ட்டுகள், அடுப்பின் பித்தளைக் குமிழ், தண்ணீர்ப் பம்பின் வளையம். துருப்பிடித்து ஒடிந்துவிட்டது என்று வருஷா வருஷம் அவன் உதட்டைப் பிதுக்கிச் சொன்ன சாமான்கள். ஒன்றில்கூடத் துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

அட பாவி! கெடவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்துக்கும் அவனே கழற்றியிருக்கிறான். அவள் மூட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்கு வந்து, நிதானமாகக் கழற்றியிருக்கிறான். அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் பக்கத்துப் பண்ணை நாய்கள் குரைத்தன. கத்தி ஓய்ந்தபின் அதே போல்ட்டுகளை எடுத்து அதே ஓட்டைகளில் முடுக்கினாள். நல்ல சாமானை ஏன் வீணாக்க வேண்டும்?

எடைமேடையில் மர்வின் எண்ணைப் பார்த்தான். காகிதத்தில் கூட்டிப் பார்த்தான். காதில் செருகிய பென்சிலை எடுத்துத் திரும்பவும் கூட்டினான்.

"ஒரு ஆள் எடை கூடுதலாக் காட்டுது வெல்டா. அதுவும் பீர் தொப்பை வச்ச ஆள்." சிரித்தான். "யாரையாவது உள்ள ஒளிச்சு வச்சிருக்கியா? சொல்லு, நான் பாதிரியார்கிட்ட சொல்ல மாட்டேன்."

"வாயை மூடிட்டு உள்ள போய்ப் பாரு."

அவன் மூலைத் தாழ்கள் நான்கையும் வெளியிலிருந்து விடுவித்தான். அந்தப் பெட்டியின் அமைப்பு அப்படி. தாழ் நான்கும் கூரையின் வெளிப்பக்கம். அவை பூட்டியிருக்கிறவரை கூரை கதவின் தலையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், கதவை உள்ளிருந்தும் திறக்க முடியாது, வெளியிலிருந்தும் திறக்க முடியாது. தாழை எடுத்தால் கூரை தானாகக் கொஞ்சம் எழும்பிக் கதவுக்கு வழி விடும். அப்புறம் உள்ளே போய் முழுக்கத் தூக்கினால் சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். ஹார்லன் ஒவ்வொரு தாழையும் பூட்டியதும் உள்ளங்கையால் கூரையை இரண்டு தட்டுத் தட்டுவான், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. அந்தச் சத்தமே அவளுக்கு ஆகாது.

மர்வின் தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டான்.

"புகையிலை வாசனை வருது. விண்டர்கிரீன்."

"பழைய மரத்துல ஊறியிருக்கும்."

"மரத்தையெல்லாம்தான் நீ மாத்திட்டியே."

 அவனைத் தள்ளிவிட்டு ஏறினாள். ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கையில் புது மெத்தை. விரித்து மூன்று நாள்தான் ஆகிறது, ஒருவரும் அதில் படுத்ததில்லை. இடப்பக்கம் குழிந்திருந்தது. தோள் அகலத்துக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஆழமாக ஒரு பள்ளம். கையை வைத்தாள். சூடாக இருந்தது.

 கோபம் இருக்கிறவரைக்கும் பயம் கிட்ட வராது என்பது அவள் கணக்கு. அதனால் துடைப்பத்தை எடுத்து அந்தப் பள்ளத்தை மொத்து மொத்தென்று மொத்தினாள்.

"வெல்டா, போகாத" என்றான் மர்வின், கீழே நின்றபடி. அவன் முகம் வெளுத்திருந்தது. "என்னவோ சரியில்லை. இந்த வருஷம் விட்டுடு."

"அடுத்த கோடையில போலாம்ங்கிறியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவனும் ஒரு ஆம்பளை, வந்துவிட்டான் புத்தி சொல்ல!

மறுநாள் விடிந்ததும் கிளம்பினாள். ஊர் எல்லையில் கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு பாக்கி இருந்தது.

ஹார்லன் உயிரோடு இருக்கும்போதே வாங்கிப் போட்ட இரட்டைக் கல் அது. கல்யாண நாள் பரிசு! ஊரில் எவளுக்காவது கழுத்துக்கு ஒரு சங்கிலி வரும், இவளுக்குக் கல் வந்தது. இடப்பக்கம் அவன் பெயர், பிறந்த வருஷம், செத்த வருஷம். வலப்பக்கம் அவள் பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அப்புறம் வழவழவென்று மெருகேற்றிய காலி இடம். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை.

"நாப்பது வருஷம் உன் பக்கத்துல படுத்தாச்சு" என்றாள் கல்லைப் பார்த்து. "இனிமே மாட்டேன். என்னை ஓப்பல் பக்கத்துல புதைப்பாங்க. கேட்டுக்கோ."

கையோடு கொண்டுவந்திருந்த, கல் தேய்க்கிற பாட்டரி கிரைண்டரை ஓடவிட்டாள். கல் வீறிட்டது. வெள்ளைத் தூள் பறந்து முகத்திலும் கண்ணிமையிலும் உதட்டிலும் படிந்தது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. பெயர் போயிற்று. வருஷம் போயிற்று. கோடும் போயிற்று. உதட்டைத் துப்பித் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

வண்டி நேராக நின்றது.

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில். உள்ளே ஏறி முகர்ந்தாள். புது மரத்தின் வாசனை மட்டும். மெத்தை தட்டையாகக் கிடந்தது. வெல்டா பல வருஷத்துக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். "அவ்வளவுதானாடா நீ?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஐடஹோ மாநிலம் முழுக்கப் பாடிக்கொண்டே ஓட்டினாள். பெட்ரோல் பங்கில் நின்று வறுத்த கோழி வாங்கித் தின்றாள். இரண்டு ராத்திரி வழியில் கூரையைத் தூக்கி, குழந்தை மாதிரித் தூங்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது கடல்.

ஓப்பலின் கல்லறை குன்றின் மேலே. வாசல் கதவைச் சாத்திவிட்டார்கள், காலையில்தான் திறப்பார்கள். கீழே ஊசியிலை மரங்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடத்தில் இவள் ஒருத்திதான். மூடுபனி மரங்களின் இடுப்புவரை வந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல் உருண்டு உருண்டு இரைந்தது. தாழ்களை எடுத்து, கூரையைத் தூக்கி, டப்பாவிலிருந்த பீன்ஸைச் சுடவைத்துத் தின்று, கரண்டியை மேடையில் வைத்துவிட்டுப் படுக்கையில் ஏறினாள். காலையில் முதலில் அக்கா, அப்புறம் கடல்.

கண்ணை மூடியபிறகுதான் கவனித்தாள், வலப்பக்கமாக ஒண்டிப் படுத்திருக்கிறோம் என்று. நாற்பது வருஷப் பழக்கம். சனியன்! நடுவில் நகர்ந்து படுக்கலாமா என்று யோசித்தாள். சோம்பலாக இருந்தது.

மேடையில் கரண்டி உருண்டது.

மெதுவாக, கரகரவென்று, இடப்பக்கமாக உருண்டு விளிம்பிலிருந்து விழுந்தது. வெல்டா கண்ணைத் திறந்தாள். கித்தானில் இன்னும் சாம்பல் நிற வெளிச்சம் மிச்சமிருந்தது. காற்று இல்லை, ஒரு இலை அசையவில்லை. ஆனாலும் அவள் கையால் தைத்த தையல் வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துகொண்டிருந்தது. கித்தான் மடியும் அந்தக் கரடுமுரடான சத்தம் அவளுக்கு அத்துப்படி. கூரை இறங்குகிறது. போல்ட் கழன்றுவிட்டதா? எண்ணெய் போட்ட போல்ட். அவன் டப்பாவிலிருந்து எடுத்த போல்ட்.

எழுந்தாள். நெற்றி பலகையில் இடித்தது. உட்காரக்கூட இடமில்லை.

வெளியே சரளையில் காலடிச் சத்தம்.

நிதானமான காலடி. எந்த அவசரமும் இல்லாத காலடி.

டக். தாழ் ஒன்று விழுந்தது. கூரைமேல் உள்ளங்கை. தட், தட்.

"யாரு? உள்ள ஆள் இருக்கு!"

டக். தட், தட்.

"டேய், திறடா! திறடா நாயே!"

கால்மாட்டுக்குத் தவழப் பார்த்தாள். முதுகு கூரையில் அழுந்தியது. வெளிச்சம் ஒரு நூலாகச் சுருங்கியது.

டக். தட், தட்.

சரளை. சரளை. சரளை.

டக்.

இருட்டு. கடல் சத்தம்கூட அறுந்துவிட்டது. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெத்தையின் இடப்பக்கம் மெல்லப் பள்ளமானது. வண்டி முனகிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. விண்டர்கிரீன். அவள் உடம்பு தானாகச் சரிந்தது. பலகையின் விளிம்பை நகத்தால் பற்றினாள். சரிந்தது. தோளில் ஒரு தோள் பட்டது.

"எதுக்கு கண்ணு அவசரம்?"

"விடு. என்னை விடு. நான் ஓப்பல்கிட்ட போகணும்..."

இரண்டு கையாலும் கூரையைத் தள்ளினாள். சிராய்கூடத் தட்டாதபடி அவளே இழைத்த பலகை. விரல்கள் பள்ளங்களில் விழுந்தன. ஆழமான, நேரான பள்ளங்கள். எழுத்துகள். தடவினாள். அவள் பெயர். அவள் பிறந்த வருஷம். ஒரு சின்னக் கோடு.

கோட்டுக்கு அப்புறம், அந்தக் காலி இடத்தில், என்னவோ சுரண்டிக்கொண்டிருந்தது. நிதானமாக. மரத்தூள் அவள் கண்ணிமையிலும் உதட்டிலும் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது.